செம்பாறையின் மேல் நடந்து திரும்பியது

பெயரும் முகவரியும் மேலே பதிந்தபடி. வயது நாற்பத்தொன்று. பாறைகளில் இயற்கையாக உள்ள கதிரியக்கத்தை அளந்து வரைபடமாக்குவது என் தொழில். துருவப் பனிநிலத்தில் பனிவண்டி தொலைந்தது குறித்தும், நிலையத் தலைவரின் உத்தரவை நான் மீறியது குறித்தும் விசாரிக்கக் கூறுவதாவது:

சம்பவத்தன்று நான் அளவுக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாறையின் மேல் நடக்க, எங்கள் மெக்கானிக் அண்ணன் பக்கத்துப் பனிப்பரப்பில் வண்டியை ஓட்டி வந்தார். பிற்பகலில் புயல் எழுந்து, நீட்டிய கை தெரியாமல் போனது. அச்சமயம் வண்டியின் அடியில் பனி பிளந்தது. அண்ணன் குதித்துவிட்டார். கூடாரம், அடுப்பு, வயர்லெஸ் எல்லாவற்றோடும் வண்டி உள்ளே போய்விட்டது.

புயலில் சிக்கினால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. கூடாரம் இருப்பவர்களுக்கு அது சரி. அண்ணனுக்கு முழங்கால் பிசகியிருந்தது. விரல்களும் மரத்துப்போனதாகச் சொன்னார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து நிலையத்தின் பின்சுவர்வரை மெல்லிய பனிக்கடியில் கதிரியக்கம் மிகுந்த செம்பாறை ஒரே வரியாக ஓடுவதை அந்த வாரம்தான் அளந்து முடித்திருந்தேன். அதன்மேல் நின்றால் கருவி சடசடவென்று ஒலிக்கும். விலகினால் சத்தம் குறையும். பாறைமேல் இருக்கும்வரை பிளவு பயமும் இல்லை.

அதன்பிறகு எங்கள் இருவரின் இடுப்பையும் கயிற்றால் பிணைத்தேன். “கதிர்னாலே ஊரு ஓடுது, நீ அது பின்னாடியே போறியே தாயி” என்றார் அண்ணன். “இது பாறையோட பொறந்ததுண்ணே, நம்மள ஒண்ணும் பண்ணாது, என் தோளப் புடிச்சிக்க” என்றேன்.

பாதி வழியில் சத்தம் அடங்கிவிட்டது. அண்ணனைக் கடைசியாகச் சத்தம் கேட்ட இடத்தில் உட்காரவைத்து, கயிறு எட்டும் தூரம் அவரைச் சுற்றித் தவழ்ந்தேன். காதில் மறுபடி சடசடத்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணன் எனக்குப் புத்தி பிசகிவிட்டதாக நினைத்தாராம்.

அண்ணனை எழுப்பிக்கொண்டு மறுபடி நடந்தேன். கடைசியில் என் நெற்றி நிலையத்தின் சுவரில் மோதியது. உள்ளே தலைவர் எங்கள் இருவரையும் காணவில்லை என்று வயர்லெஸில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து அதை வாங்கி, “ரெண்டு பேரும் வந்துட்டோம். செம்பாறை நான் வரைஞ்ச எடத்துலயேதான் இருக்கு” என்று சொன்னேன்.

அண்ணன் பத்து விரல்களோடும் வீடு திரும்பியுள்ளார். அதே நிலை மறுபடி வந்தால் என்ன செய்வீர் என்று விசாரணை அதிகாரி கேட்டதற்கு, அதே பாறைமேல் நடப்பேன் என்று பதில் கூறினேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
பாறை அளவையாளர்