திரை இருண்ட பின் திறந்த ஜன்னல்கள்

வணிகர்களின் வாஞ்சைக்குரிய தலைவர் ரிபாயி அவர்களே! சங்கரன்கோவிலின் சான்றோர்களே! ஹஸ்னா பானுவைப் பெற்ற பெருந்தாய் ஆமினாள் அவர்களே! முன்வரிசைத் தாய்மார்களே, பின்வரிசைத் தோழர்களே! திருவேங்கடம் சாலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் மகாராஜாவின் மனம் கனிந்த வணக்கம்!

வங்கித் தேர்வில் வென்று மதுரைக்குப் போகும் ஹஸ்னாவை வழியனுப்பக் கூடியிருக்கிறோம். பிறவியிலேயே பார்வையற்றவள். என்னிடம் வேலைக்கு வந்தவளை நான் என்ன செய்தேன்? போன் எடுக்க உட்கார வைத்தேன்! ஆள் வராத நேரத்தில் மட்டும் கம்ப்யூட்டரைக் கொடுத்தேன். மவுஸை அவள் தொடமாட்டாள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே டேப் விசையைத் தட்டுவாள். தட்டத் தட்ட ஜன்னல் மாறும். மாற மாற அதன் பெயரைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். அவளுக்காக ஏற்றிய மென்பொருள் அது.

என்ன அண்ணாச்சி, எந்த ஜன்னலா? திரையில் திறந்திருக்கும் பக்கங்களைச் சொல்கிறேன்!

சென்ற ஆண்டு ஒருநாள், மேலநீலிதநல்லூரில் ஆடு மேய்க்கும் துரைப்பாண்டி தன் மகள் கோகிலாவோடு வந்தார். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம். அன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. ஒரு ஜன்னலில் தேர்வு முடிவு, இன்னொன்றில் விண்ணப்பம். பார்த்துப் பார்த்து நிரப்பினேன். நாலரை மணிக்குத் திரை இருண்டது! தட்டினேன், ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். திரை தெளியவில்லை, என் திகிலும் தீரவில்லை. இருந்த இன்னொரு கம்ப்யூட்டரும் பழுது பார்க்கப் போயிருந்தது.

“எம்பிள்ள படிப்பு போச்சே!” என்று துரைப்பாண்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சேர விட்டு எந்திரிங்க அண்ணாச்சி,” என்றாள் ஹஸ்னா என்னிடம். “ஸ்கிரீன்தான போச்சு? உள்ள எல்லாம் ஓடிக்கிட்டுத்தான இருக்கு. நான் பாக்குதேன்.”

தட்டினாள்: ‘தேர்வு முடிவு’ என்றது குரல். தட்டினாள்: ‘விண்ணப்பம்’ என்றது குரல். அங்கே கேட்டாள், இங்கே சரிபார்த்தாள். சட்டென்று விரல் நின்றது.

“அண்ணாச்சி, உயிரியல்ல தொண்ணூத்தொண்ணுன்னு ரிசல்ட்டு சொல்லுது. நீங்க எழுபத்தொண்ணு போட்டிருக்கீய.”

அவையோரே! இரண்டு கண்ணாலும் பார்த்து அடித்தவன் யார்? நான்! இருபது மார்க்கை விழுங்கவிருந்தவன் யார்? நான்! திரை இருளாமல் இருந்திருந்தால், அந்தத் தப்போடுதானே அனுப்பியிருப்பேன்?

திருத்தினாள், அனுப்பினாள். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்க, துரைப்பாண்டியின் போனில் செய்தி வந்தது. கோகிலா வாசித்தாள்: ‘விண்ணப்பம் பெறப்பட்டது.’ அந்த மனிதர் ஹஸ்னாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, “நல்லாருப்ப தாயி,” என்று மட்டும் சொன்னார்.

கோகிலா இன்று இரண்டாமாண்டு மாணவி. அதோ, மூன்றாம் வரிசையில் கண்ணைத் துடைக்கிறாள்!

போன் எடுக்க உட்கார வைத்ததற்காக அன்று மாலையே ஹஸ்னாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பு எதுக்கு அண்ணாச்சி? நாளையிலேருந்து அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு!” என்றாள். கொடுத்தேன். அதன்பின் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள்கூட என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “ஹஸ்னா இருக்காளா?” என்றுதான் கேட்டார்கள்.

இனி யாராவது அப்படிக் கேட்டால் என்ன சொல்வேன்? நெஞ்சு கனக்கும். ஆனாலும் நிமிர்ந்து நின்று சொல்வேன்: “மதுரைக்குப் போங்க, அங்கன பேங்க் ஆபீசரா இருக்கா!”

போய் வா மகளே, பேர் சொல்ல வாழ்! இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு என் நன்றி. எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்!