ஊறிய மை

இந்த வாக்குமூலப் படிவத்தில் வரிகளுக்கு நடுவே இடம் போதாது, ஐயா. நாள் முழுக்கப் படிக்கிறவருக்குக் கண் வலிக்கும். தொழில் பழக்கம், சொல்லிவிட்டேன். கேட்டதற்கு வருகிறேன்.

நான் கணினிக்கு ஃபான்ட் செய்கிறவன். பழைய ஈய அச்செழுத்து வகை ஒன்றைக் கணினிக்குக் கொண்டுவர நான்கு வருடம் உழைத்தேன். கோடுகளின் நுனியில் சிறு பாதம் வைத்த செரிஃப் எழுத்து. ஒரு காலத்தில் நல்ல புத்தகமெல்லாம் அதில்தான் வந்தது. அதை இன்னமும் ஈயத்தில் வார்ப்பது என் அக்கா கணவருடைய பட்டறை மட்டும்தான். அதனால் பதிப்பகம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. மூலத்திலிருந்து மாறாமல் இருக்கிறது என்று அத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எல்லா எழுத்தையும் அச்சடித்து எடுத்துப் போனேன். அத்தான் லென்ஸ்கூட எடுக்கவில்லை. தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"மாப்ளே, இத எதப் பாத்து வரைஞ்ச?"

"பழைய புக்க ஸ்கேன் பண்ணித்தான், அத்தான்."

"அதானே பாத்தேன். தாள்ல மை ஊறி நுனியெல்லாம் உருண்டு போயிருக்கும். நீ எழுத்த வரையல, ஊறின மையைத்தான் வரைஞ்சிருக்க. ஆள விட்டுட்டு அவன் நெழலுக்குச் சட்ட தைச்ச மாதிரி இருக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். "விடுங்க, பாவம். சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்."

நானும் சிரித்தேன்.

"ஈயத்தையே வெச்சு மறுபடி வரை. ரெண்டு வருஷம் ஆகும், ஆகட்டும். நானும் கூட உக்காருறேன். திங்கக்கெழம பதிப்பகத்துல நானே சொல்லிடறேன்" என்றார் அத்தான்.

கோபமே இல்லாமல்தான் சொன்னார். எங்களுக்குள் பகை எதுவும் கிடையாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். லட்சம் பேர் படித்தாலும் ஒருவர்கூட அந்த வித்தியாசத்தைக் கண்டிருக்க மாட்டார். யோசித்துப் பார்த்தால் கோளாறு என் எழுத்தில் இல்லை. இரண்டு கண்களில்தான் இருந்தது.

சனிக்கிழமை, பட்டறையில் தேய்ந்த எழுத்துகளை உருக்கும் நாள். வியாழனன்றே கழுவிக் காயவைத்துவிடுவார்கள். எழுத்து ஈரத்தோடு போய் உருகிய ஈயத்துக்குள் விழுந்தால், நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தை மேலே வாரி அடிக்கும். அங்கே கால் வைத்த யாருக்கும் இது தெரியும். கண்ணாடி போட்டால் உலோகத்தின் நிறம் சரியாகத் தெரிவதில்லை என்று அத்தான் வெறுங்கண்ணோடு கொப்பரை மேல் குனிவார் என்பதும் தெரியும்.

உதவிக்கு வந்ததாகச் சொன்னேன். காய்ந்த தட்டை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை முக்கினேன். ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் சிறு பள்ளம் உண்டு. அதில் நீர் தங்கும். அவர் தொட்டுப் பார்க்கிறவர் என்பதால் மேல்பக்கத்தை மட்டும் துணியால் ஒற்றி எடுத்தேன். அந்த ஈரத்துணியைத்தான் அக்கா பார்த்து, இத்தனை மாதம் மனதில் வைத்திருந்து, உங்களிடம் வந்திருக்கிறாள்.

"காஞ்சிருச்சா மாப்ளே?"

"காஞ்சிருச்சு, அத்தான்."

தடவிப் பார்த்துவிட்டுக் குனிந்து கொட்டினார்.

உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் பதினோரு நாளும் நான்தான் கூட இருந்தேன். அவருக்குக் கஞ்சி ஊட்டினேன்.

எட்டு மாதம் கழித்து, இரவு பகலாக உட்கார்ந்து ஈயத்தை வைத்தே எல்லாவற்றையும் மறுபடி வரைந்துவிட்டதாகச் சொன்னேன். ஒரு கோடுகூட மாற்றவில்லை.

"கண்ணுதான் போச்சு, வெரல் இருக்கு. ஒரு எழுத்தப் பெருசா உலோகத்துல வெட்டிக் கொண்டா, பாத்துடறேன்" என்றார்.

அவருடைய பட்டறை அலமாரியிலிருந்தே பெரிய ஈய எழுத்து ஒன்றை எடுத்தேன். பக்கங்களைப் புதிதுபோல அராவி அவர் கையில் வைத்தேன். நுனியைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவினார்.

"இப்பத்தான்டா மாப்ளே, நீ எழுத்த வரைஞ்சிருக்க."

அவர் கையைப் பிடித்துத் தாளில் இடம் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். எதையும் மறைக்கவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் நான்கு வருட உழைப்பைப் பற்றி அத்தான் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் லேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை.