கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

ரோட்டில் ஓட்டுகிற பைக்கை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோவதில் தப்பு ஒன்றும் இல்லை, ஐயா. இப்போது நிறையப் பேர் போகிறார்கள். பல் டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு, சாயங்காலம் அதே பைக்கில் வீடு திரும்பலாம். போட்டி கிடையாது. எதிரே லாரி வராது, குறுக்கே நாய் ஓடாது. வேகத்துக்கு ஆசைப்படுகிறவனுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையிடமும் அதையேதான் சொன்னேன்.

உங்கள் போலீஸ் அறிக்கையை நேற்று என் தங்கை, தான் படிக்க மனசில்லாமல், என்னிடம் கொடுத்தாள். நிதானமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசிப் பக்கத்தில், 'பழைய பிரேக் ஆயிலை மாற்றாமல் விட்ட கவனக்குறைவு' என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். இருபத்தாறு வருஷமாக பைக் மெக்கானிக்காக இருக்கிறேன். நான் முடுக்கிய ஒரு நட்டு வழியில் கழன்றது என்று இதுவரை யாரும் என் பட்டறை வாசலில் வந்து நின்றதில்லை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்தச் சொல்லை மட்டும் எழுதாதீர்கள்.

எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். கீழே பட்டறை, நடுவில் நான், மேல் மாடியில் தங்கையும் மாப்பிள்ளையும். தங்கைக்குப் பதினொரு வயது இருக்கும்போது பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு. அவளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். கிரீஸ் படிந்த கையோடு பள்ளிக்கூட நோட்டில் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவள் அழுததால், கையெழுத்துப் போடுவதற்கென்றே தனியாகக் கை கழுவினேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தெரிந்தவர்கள் அதைத் தியாகம் என்பார்கள். தியாகமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த வீடு அப்படியே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அவள் படித்து ஆஸ்பத்திரியில் மருந்தாளர் ஆனாள். மாப்பிள்ளையைப் பார்த்து முடித்ததும் நான்தான். எத்தனையோ பேர் வந்தார்கள். எங்கள் மாடியில் குடியிருக்கச் சம்மதித்தவர் அவர் ஒருவர்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். பைக்கில் ஏறினால் மட்டும் ஆள் மாறிவிடுவார். எங்கள் தெருவில் அவருக்கு 'அவசரம்' என்றே பெயர். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கோபத்தில் செய்தான் என்று நாளைக்கு யாராவது எழுதிவிடக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தோம். தங்கை தட்டுகளை எடுக்காமல் உட்கார்ந்தே இருந்தாள்.

"அண்ணா, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. ரெண்டு மாசத்துல சேரணும். இவரும் என்கூட வர்றார்."

"எத்தன வருஷத்துக்கும்மா?"

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.

"வருஷக் கணக்கெல்லாம் இல்லண்ணா. போறதுதான்."

நல்ல விஷயம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். நல்ல விஷயம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதற்குப் பிறகு நான் யோசிக்காத வழி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற கடிதங்களை ஒளித்து வைக்கலாம். ஆனால் அடுத்தவர் கடிதத்தைத் தொடுகிற பழக்கம் எனக்கு இல்லை. நெஞ்சுவலி என்று படுத்துக்கொள்ளலாம். அவள் மருந்தாளர்; பத்து நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். சும்மா இரு, போகிறவர்கள் போகட்டும் என்றும் ஒரு வாரம் இருந்து பார்த்தேன். மாடியில் பெட்டி இழுக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. சின்ன வயதிலிருந்தே அவள் காலடிச் சத்தத்தை வைத்தே அவள் பசியாக இருக்கிறாளா, கோபமாக இருக்கிறாளா என்று சொல்லிவிடுவேன். அந்தச் சத்தத்துக்கு மேல் பெட்டி உருள்வதைக் கேட்டுக்கொண்டு எனக்கு வேலை ஓடவில்லை.

மாப்பிள்ளைதான் தானாக வந்து கேட்டார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஆசை காட்டவில்லை.

"மச்சான், கிளம்பறதுக்கு முன்னாடி பைக்கை விக்கணும். விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை டிராக்குல ஓட்டிப் பாத்துடணும். சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது ஓட்டணும்னு சின்ன வயசு ஆசை. தயார் பண்ணித் தருவீங்களா?"

தருகிறேன் என்றேன்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு கால்தான், ஐயா. முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு, இல்லை இரண்டு. அது ஒட்டிச் சேர ஆறு மாதம் ஆகும். அந்த ஆஸ்பத்திரி இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்காது. ஊன்றுகோலோடு நிற்கிற புருஷனை விட்டுவிட்டு விமானம் ஏறுகிறவள் இல்லை என் தங்கை. அவளை வளர்த்தவன் நான், எனக்குத் தெரியும். கால் சரியானதும் மூன்று பேரும் பழையபடி இருக்கப் போகிறோம். அவருக்குச் சாப்பாடு நானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தேன்.

மூன்று நாள் அந்த பைக்கில் வேலை பார்த்தேன். பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் நம்பர் பிளேட்டையும் கழற்றினேன். விழுந்தால் கண்ணாடிச் சில்லு சிதறாமல் இருக்க விளக்குகளின் மேல் டேப் ஒட்டினேன். செயினைச் சரியான தொய்வுக்குக் கொண்டுவந்தேன். டிராக்கில் டயர் சூடாகும் என்பதால் காற்றைக் குறைத்தேன். பிரேக் கட்டைகள் புதிதாகப் போட்டேன். பிரேக் ஆயிலையும் மாற்றினேன்.

இங்கேதான் உங்கள் அறிக்கை தவறுகிறது. பழைய ஆயிலை மாற்றாமல் விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருந்தது நல்ல ஆயில், ஐயா. நாலு மாதத்துக்கு முன்னால் நானே ஊற்றியது. அதைச் சொட்டு விடாமல் இறக்கிவிட்டு, வேறு பைக்குகளிலிருந்து வடித்து, மூடாமல் வைத்திருந்த பழையதை ஊற்றினேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறினது தெருவில் ஓட்டும்போது ஒரு குறையும் சொல்லாது. டிராக்கில் சுற்றுக்குச் சுற்று அழுத்தி அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சூடேறிக் கொதிக்கும். உள்ளே குமிழி கட்டும். அப்போது பிரேக் லீவரைப் பிடித்தால் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொள்ளும், பிரேக் பிடிக்காது. ஆறினால் மறுபடி ஒன்றும் தெரியாதவன் மாதிரி கெட்டியாகிவிடும். இவ்வளவையும் யோசித்துச் செய்த வேலைக்கு நீங்கள் வைத்த பெயர் கவனக்குறைவு.

டிராக்குக்கு மூன்று பேரும் போனோம். வாசலில் ஒவ்வொரு பைக்கையும் பரிசோதித்து உள்ளே விடுகிற அதிகாரி ஒருவர் இருந்தார். லீவரை நன்றாக அமுக்கிப் பார்த்தார், சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்.

"யாருங்க தயார் பண்ணினது? எல்லாரும் இப்படிக் கொண்டுவந்தா எனக்கு வேலையே இல்ல" என்றார்.

மாப்பிள்ளை என் தோளில் கை போட்டார். உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

இருபது இருபது நிமிஷமாக ஓட்ட விடுவார்கள். முதல் தடவை எல்லோரையும் மெதுவாகப் பயிற்சியாளர் பின்னால் போகச் சொன்னார்கள். இரண்டாவது தடவை மாப்பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினபோது முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் வலது கை விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், கடைசிச் சுத்துல பிரேக் கொஞ்சம் மெத்துன்னு ஆன மாதிரி இருந்துச்சு."

தங்கை தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். திறக்காமல் நிறுத்தினாள். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர், "சந்தேகம்னா போகாதீங்க சார். டிராக் எங்கேயும் ஓடிப்போகாது" என்றார்.

நான் உட்கார்ந்து லீவரைப் பிடித்துப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆறியிருந்தது. கல் மாதிரி இருந்தது. நாலு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிகாரியும் வந்து நின்றிருந்தார். அந்த நேரத்தில் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

"புதுக் கட்டை, மாப்பிள்ளை. படியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். பயப்படாம ஓட்டுங்க."

"நீங்க சொன்னா சரி மச்சான்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

மெதுவான வளைவு ஒன்றில் சறுக்கி விழுவார் என்றுதான் நான் கணித்திருந்தேன். நீளமான நேர்பாதை முடிகிற இடத்தில்தான் பிரேக் அதிகம் கொதிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்திருந்தது. மனுஷ மனசு அப்படித்தான்.

மூன்றாவது தடவையில் நான் சுவர் ஓரமாக நின்று சுற்றுகளை எண்ணினேன். தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தடவையும் அவர் நேர்பாதையின் முடிவில் பிரேக் பிடிக்கும்போது பைக்கின் மூக்கு கீழே அமுங்கி எழும். நாலாவதில் அமுங்கவில்லை. கை இரண்டு தடவை லீவரை இழுத்ததைப் பார்த்தேன். பின் பிரேக்கையும் மிதித்திருப்பார். அந்த வேகத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. வேகத்தைத் தடுக்க ஓரத்தில் போட்டிருந்த மணல் படுகையை அப்படியே தாண்டி, அடுக்கி வைத்திருந்த டயர் சுவரில் போய் மோதினார். சத்தம் நான் நினைத்த அளவு பெரிதாக இல்லை.

ஆம்புலன்ஸில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தங்கை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை என் விரலைப் பிடித்திருந்தார்.

"என் தப்புதான் மச்சான். லேட்டா புடிச்சிட்டேன். அவகிட்ட சொல்லாதீங்க, திட்டுவா."

நான் மறுக்கவில்லை. அந்த நிலைமையில் ஒருவரோடு வாதாடுவது முறையில்லை. ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்கு முன்னால் விரல் தளர்ந்துவிட்டது.

கால் எலும்பு இரண்டும் முழுசாக இருந்தன என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நீங்களும் படித்திருப்பீர்கள்.

தங்கை பல நாள் மாடியை விட்டு இறங்கவில்லை. சாப்பாடு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சரி, எப்படியோ வீடு வீடாக இருக்கிறது என்று நினைத்தேன். போன வாரம் அவளே இறங்கி வந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்களாம்.

"நான் மட்டும் போறேண்ணா. இங்க இருக்க எனக்கு இனிமே யாரு இருக்கா?"

நான் அவளுக்கு எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், ஐயா.

இன்னும் பத்தொன்பது நாளில் விமானம். நான் இங்கே வந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உண்மை எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக வந்தேன்.

உங்கள் அறிக்கையில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயில் மாற்றுவது என் பட்டறையில் ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் மேலே லீவரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே ஆயில் வடிகிற திருகைத் திறந்து மூட வேண்டும். அன்றைக்கு லீவரை அமுக்கினவள் என் தங்கை. நான்தான் கூப்பிட்டேன். அமுக்கு, பிடி, விடு என்று நான் சொல்லச் சொல்லச் செய்தாள். சின்ன வயதிலும் அப்படித்தான் எனக்கு ஒத்தாசை பண்ணுவாள்.

"என்னண்ணா, புது ஆயில் இவ்வளவு கருப்பாவா இருக்கும்?" என்று கேட்டாள்.

டிராக்குக்கு வேறு ஆயில் என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் ஊற்றினதைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வேறு சாட்சி கிடையாது.

தெரிந்தே செய்தேன், வேண்டும் என்றே செய்தேன், அவர் செத்தது என் கையால். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். இருக்கிற ஒரே சாட்சி வழக்கு முடிகிறவரை நாட்டை விட்டுப் போக முடியாது, அப்படித்தானே? சில வழக்குகள் பத்து வருஷம் கூட இழுக்கும் என்கிறார்கள். உங்கள் சிறை எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். பார்க்க வருகிறவர்களை வாரத்துக்கு எத்தனை நாள் உள்ளே விடுவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அவள் வருவாள், ஐயா. என்னைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.