பெயர் தெரிந்த பிள்ளை

ஓடுகிறேன். மகள் யாழினி என் தோளில். திங்கட்கிழமை. காலை ஆறு இருபது. மணல் காலை இழுக்கிறது. தூரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். செல், அதாவது எறிகணை, ஏவும் சத்தம் அது. பிறகு விசில். விசில் கேட்டால் பன்னிரண்டுவரை எண்ணலாம். அதற்குள் விழுந்துவிட வேண்டும்.

"கிடவுங்கோ! எல்லாரும் விழுந்து கிடவுங்கோ!"

கத்துவது ஜீவன். என் கூட்டாளி. நான் விழுகிறேன். பிள்ளை எனக்குக் கீழே. ஏழு. எட்டு. ஒன்பது வரவில்லை. மண் கொட்டியது. காது அடைத்தது. எழுந்தேன். என்மேல் ஒரு கீறல்கூட இல்லை. அவளைத் தூக்கினேன். கழுத்துக்குப் பின்னால் ஒரு காயம். புளியங்கொட்டை அளவு. அவ்வளவுதான்.

அந்தக் கடற்கரைக்கு நாங்களாக வரவில்லை. பாதுகாப்பான இடம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நம்பி வந்தோம். அது முதல் துரோகம். அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இரண்டாவதை. அதற்குச் சாட்சி நான் ஒருவன்தான்.

வன்னியில் நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன். என் மனைவி மலர் கஞ்சி வரிசையில் நின்றபோது செல் விழுந்தது. பிள்ளை போவதற்கு மூன்று வாரம் முன்பு. அதற்குள் வீடு எரிந்துவிட்டது. வீட்டோடு புகைப்படங்களும். அன்று பின்னேரம் ஒரு பள்ளிக் கொப்பியில் நீலப் பேனையால் அவள் முகத்தை வரைந்தேன். அதுவரை கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வரையும்போது நின்றது. முடித்ததும் மறுபடி நடுங்கியது. எனக்கான மருந்து எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு சனம் தேடி வந்தது. "அண்ணை, எங்கட அம்மாவை ஒருக்கா கீறி விடுங்கோ." எல்லாருடைய படங்களும் எரிந்துதான் போயிருந்தன. நான் காதில் தொடங்குவேன். முகம் சிதைந்திருந்தாலும் ஒரு காதாவது மிஞ்சியிருக்கும். காது சரியாக அமைந்தால் தாடை வரும். தாடை வந்தால் ஆள் வந்துவிடுவார். கீழே பெயர், வயது, கிழமை, நேரம். வெளியே போனதும் பிரதி எடுத்துத் தருகிறேன் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குக்காகவே உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மழை பெய்தால் பங்கர் என்ற எங்கள் பதுங்குகுழிக்கு மேல் ஜீவன் தறப்பாளை விரித்துப் பிடிப்பான். யாழினி அவன் மடியில் இருந்து பேனை மூடியைக் கடிப்பாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவளை வரைந்தேன். நாற்பத்து மூன்றாவது பக்கம். இடது காதின் மேல் விளிம்பில் சின்ன மடிப்பு. அந்தப் பக்கத்தில் மட்டும் பெயர் எழுதவில்லை. தகப்பனுக்கு எதற்குப் பெயர்? அப்படி நினைத்தேன். மடையன்.

ஜீவனும் நானும் தப்பி மலேசியாவின் பினாங்குக்கு வந்தோம். ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி. இருவருக்கும் ஒரே அறை. நான் ஜுருவில் ஒரு பட்டறையில் கார்களுக்குச் சாயம் அடிக்கிறேன். சீனப் பெருநாளுக்குப் பட்டாசு வெடித்தால் இன்றைக்கும் மேசைக்குக் கீழேதான் இருப்பேன். எண்ணிக்கொண்டு. அதில் எனக்கு வெட்கமில்லை.

அகதி விசாரணைக்கு அவனைத்தான் முதலில் அழைத்தார்கள். "கொப்பியைத் தா மச்சான். ரெண்டு பேருக்கும் அதுதான் சாட்சி. கையோட கொண்டந்து தாறன்." கொடுத்தேன். வெறுங்கையோடு திரும்பினான். வழக்கு முடியும்வரை அலுவலகத்திலேயே வைத்திருப்பார்களாம். பிறகு என் முறை வந்தது. கொப்பியைப் பற்றிக் கேட்டேன். அப்படியொன்று எங்களிடம் இல்லையே என்றார் விசாரித்த அம்மா. நான் அவரை நம்பவில்லை. ஜீவனை நம்பினேன்.

அவனுக்கு ஒரு குளிர் நாட்டில் இடம் கிடைத்தது. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்ததும் நான்தான். கொப்பி அதற்குள் இருந்திருக்கும்.

போன மாதம், சாப்பாட்டு நேரம். பட்டறை முதலாளி முனியாண்டி அண்ணே கைப்பேசியை நீட்டினார்.

"தம்பி, இது ஒன் கூட்டாளிதானே? பெரிய ஆளாயிட்டாருலா."

காணொளியில் ஒரு மண்டபம். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். என் கொப்பியைத் தாள் தாளாகக் கிழித்திருக்கிறான். "பங்கருக்குள்ள இருந்து நான் கீறின முகங்கள்" என்கிறான். கடைசிப் படத்தைக் காட்டி யாரோ கேட்கிறார்கள், இது யார் என்று. ஜீவன் தலையைக் குனிகிறான்.

"பேர் தெரியாத பிள்ளை."

அவன் மடியில் வளர்ந்தவள். பெயரைச் சொன்னால் தகப்பன் எங்கே என்று கேட்பார்கள். அதனால் பிள்ளைக்குப் பெயர் இல்லாமல் போய்விட்டது. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். அந்தப் பங்கரை நாங்கள் இருவருமாகத்தான் வெட்டினோம். செல்லை ஏவியவனுக்கு என் முகம் தெரியாது. இவனுக்குத் தெரியும். இவனை நான் மன்னிக்கப் போவதில்லை.

அவை நான் வரைந்தவை என்று சொன்னேன். அண்ணே, சாயம் அடிக்கும்போது கார்க் கண்ணாடியை மூடி ஒட்டுகிற பழுப்புத் தாள் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "கெரேத்தாவுக்கு ஒட்டுற பேப்பர்தான். எடுத்துட்டுப் போ தம்பி. மறுபடியும் வரைலா."

வரைகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஜார்ஜ் டவுன் கடற்கரைக்குப் போகிறேன். கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன். காதில் தொடங்குகிறேன். கை நடுங்குவது நிற்கிறது. இந்த மருந்தைத் திருட அவனுக்கு வழி தெரியவில்லை.

யாழினியைப் பார்க்க மட்டும் அவனிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அந்தக் காணொளியை ஓடவிட்டு, அவள் வரும் இடத்தில் விரலால் நிறுத்துகிறேன். ஓரத்தில் அவன் முழங்கை தெரிகிறது. அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு காதைப் பார்க்கிறேன். மடிப்பு இருக்கிறது.

கணக்கு இது. மனைவி ஒருத்தி. மகள் ஒருத்தி. கூட்டாளி ஒருவன். கொப்பி ஒன்று. நாற்பத்து மூன்று முகங்களில் திரும்ப வரைந்தவை பத்தொன்பது. எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வராதவை இருபத்து மூன்று. அந்த இருபத்து மூன்று வீட்டாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

மிச்சம் ஒன்று. நேற்று முடித்தேன். இம்முறை கீழே எழுதியிருக்கிறேன்.

யாழினி. வயது ஆறு. திங்கட்கிழமை, காலை ஆறு இருபது. கீறியவர், அப்பா.