அப்போஸ்தலர் வழியில் ஒரு மாப்பிள்ளை

இராஜபாளையத்தில் ரயில் கிளம்பியதும், என் எதிர்ப் பலகையில் இருந்த இளைஞர் தம் அக்காளிடம் சொன்னார்:

“நேத்துச் சொன்னதுதான்க்கா. எனக்குக் கல்யாணம் வேண்டாம். வேதத்துல நிருபம் எழுதுன அப்போஸ்தலர் மாதிரி தனியாவே இருந்துருதேன்.”

“ஏலே, ஒனக்கும் எஸ்தருக்கும் கல்யாணம்னு கோவில்ல சபைக்கு முன்னால ரெண்டு அறிவிப்பு ஓலை வாசிச்சாச்சு. வார ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. இப்பம் வந்து இதச் சொல்லுத!”

“கல்யாணம் ஆகாதவன்தான் ஆண்டவர் காரியத்தக் கவனிப்பான்னு அவியளே எழுதியிருக்காவ.”

“அவிய கூடாரம் தச்சுப் பொழச்சாவ. ஒனக்குச் சோறு வடிக்கத் தெரியுமா?”

“அதான் நீ இருக்கியே.”

என் மடியிலிருந்த புத்தகத்தில் ஒரு பக்கமும் புரளவில்லை.

“சரி. நேத்தே எஸ்தர் காதுல போட்டுட்டேன். அவளுக்கு எம்புட்டுச் சந்தோசம்லே! கன்னிப் பொண்ணுகளுக்கும் அப்படித்தான் எழுதியிருக்காம். தனியா இருந்து டீச்சர் வேலைக்குப் போறாளாம்.”

இளைஞர் துள்ளி எழுந்தார்.

“அவளா? அதெல்லாம் அந்தக் காலத்துக்குச் சொன்னதுக்கா! உலகம் நாளைக்கே முடியப்போவுதுன்னு இருந்த சனங்களுக்கு எழுதுனது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பொண்ணுக்கு எழுதுனதில்ல!”

ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நிற்குமுன்பே அவர் வாசலில் போய் நின்றுகொண்டார்.