ஏற்றிய கண்ணாடி

— இப்ப எப்படி இருக்கு மச்சான்?

— கதவுக் கண்ணாடியோட மேல் மூலை இன்னும் வெளியதான் நிக்குது மாப்ள. நடுவுல ஒரு தீக்குச்சி போகும். கீழ் போல்ட்டைக் கால் சுத்து வெளிய தள்ளு, மேல தானா உள்ள சாஞ்சுக்கும்.

— கால் சுத்தா, அரைக்காலா?

— கால்னா கால். உன்கிட்ட ஒரு வேலை சொன்னா அதுக்கும் பேரம்.

— தள்ளியாச்சு. பாருங்க.

— ரப்பர்ல ஒட்டிக்கிச்சு. ஆனா இப்பப் பின்னாடிக் கண்ணாடியை இடிக்குது. இந்த வண்டியைச் செஞ்சவனைக் கூட்டிட்டு வந்து நீ உக்காந்திருக்கிற இடத்துல ஒரு நாள் உக்கார வைக்கணும். ரெண்டே கதவு, நடுவுல தூண் கிடையாது, கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. ரெண்டு கண்ணாடியும் அந்தரத்துல வந்து சேர்ந்துக்கணுமாம்.

— அறுபது வருஷமா சேர்ந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாமதான் புது ரப்பர் போட்டுப் பிரிச்சு வெச்சோம்.

— சரி, அது கிடக்கட்டும். காலையில கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

— என்ன கேட்டீங்க?

— தெரியாத மாதிரி பேசாதே. என் தங்கச்சிக்கு அந்த ஆஸ்பத்திரியிலேருந்து மறுபடியும் கடிதம் வந்திருக்கா, இல்லையா?

— வந்திருக்கு. அடுத்த வாரம் வேலைக்குச் சேரணுமாம்.

— பஸ்ல ஒன்பது மணி நேரம் போகணும் அந்த ஊருக்கு. நீயும் கூடப் போறியா, இல்லையா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.

— கதவைத் திறங்க மச்சான். வேர்த்துக் கொட்டுது. வெளிய நின்னு பேசுவோம்.

— உள்ள இருந்தே பேசு.

— இது என்ன விளையாட்டு?

— விளையாட்டெல்லாம் இல்லை. நான் என்ன சொல்றேன்னா, ஒரு மாசமா இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு டீ குடிக்கணும்னு தோணிடுது. இல்லேன்னா ஏதாவது வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிற. இன்னைக்கு எங்க போவே? உள் கைப்பிடியோட கம்பியைக் கழட்டி வெச்சாச்சு, உள்ள இருந்து திறக்காது. கண்ணாடி இறக்குற கைப்பிடி என் சட்டைப் பையில இருக்கு. அந்தப் பக்கம் கதவைத் திறந்தா செவுரு.

— பின்னாடிக் கண்ணாடியை இறக்குறேன்.

— அதுக்கும் இதே கைப்பிடிதான்.

— கையில ஸ்பேனர் இருக்கு. ஒரு தட்டு தட்டினா நான் வெளிய.

— தட்டேன். ஏழு மாசம் நாலு ஊர் தேடி வாங்கின கண்ணாடி. டாக்டர் பதினோரு மணிக்கு வண்டியை எடுக்க வர்றார். அவருக்கு நீயே பதில் சொல்லிக்கோ.

— விவரமாத்தான் யோசிச்சு வெச்சிருக்கீங்க.

— பதினொரு வருஷமா உன்னோட குப்பை கொட்டுறேனே, இதுகூட வராதா.

— மணி என்ன ஆச்சு?

— ஒன்பதே முக்கால். ஏன், எங்கயாவது போகணுமா?

— டாக்டர் பதினொண்ணுக்கு வர்றார்னு நீங்கதானே சொன்னீங்க. பேசிக்கிட்டே வேலையைப் பாருங்க. பின்னாடி எவ்வளவு இடிக்குது?

— நகக்கண் அளவு. கண்ணாடியை முன்னாடி தள்ளணும். ரெண்டு போல்ட்டையும் லேசா இளக்கிட்டு உள்ளங்கையால அழுத்து. முழுசா இளக்கிடாதே, கண்ணாடி கீழ விழுந்துடும்.

— அழுத்திட்டேன்.

— இன்னும். இன்னும் கொஞ்சம். போதும், முடுக்கு. பார்த்தியா, நான் சொல்றேன், நீ செய்யிற. இந்த வேலைக்கு ரெண்டு பேர் வேணும் மாப்ள. உள்ள ஒருத்தன், வெளிய ஒருத்தன். நீ போயிட்டா நான் இங்க நின்னுக்கிட்டு காலி சீட்டைப் பார்த்துக் கால் சுத்து, அரை சுத்துன்னா சொல்லிட்டிருப்பேன்?

— வேற ஆளைப் போட்டுக்கலாம்.

— வேற ஆள் கால் சுத்துன்னா முக்கால் சுத்துவான். அதை விடு. அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பா? என் பொண்டாட்டிக்கு வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது.

— உங்களுக்குத் தெரியுமே.

— எனக்குத் தெரிஞ்சு என்ன, நான் தூங்கிடுவேன். எல்லாத்துக்கும் குறுக்க ஒரு வார்த்தை போட்டுடு. அவளுக்கு இங்க என்ன குறைச்சல்? அவளைப் படிக்க வெச்சது யாரு? ரத்தம் பார்த்துச் சொல்ற படிப்புக்கு அவளை ஹாஸ்டல்ல கொண்டு விட்டது யாரு? பெட்டியை நான்தான் தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போனேன்.

— படிக்கவும் வெச்சீங்க, வீட்டுல உக்காரவும் வெச்சீங்க.

— மாப்ள, நீங்க அளந்து பேசுங்க.

— 'நீங்க' வந்துடுச்சு. அப்பக் கோபம் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

— வராம? நான் யாருக்காகப் பேசுறேன்? அவ ஒரு முன்கோபக்காரி. அங்க தனியா ரெண்டு நாள் இருந்தா அழுதுட்டுத் திரும்பிடுவா. நீ கூடப் போனாத்தான் அங்கேயே வேர் விட்டுடுவா. அதனாலதான் உன்னைப் பிடிச்சு வெச்சிருக்கேன். நீ போகலைன்னா அவளும் போக மாட்டா.

— அப்படியா நினைக்கிறீங்க?

— எந்தப் பொம்பளை புருஷனை விட்டுட்டுப் போவா? சரி, தண்ணி அடிக்கிறேன். எங்க ஒழுகுதுன்னு பார்த்துச் சொல்லு.

— அடிங்க.

— சத்தமா சொல்லு, குழாய் இரைச்சல்ல கேக்காது.

— முன்பக்கம் காய்ஞ்சிருக்கு. மேல காய்ஞ்சிருக்கு. பின் மூலையில ஒழுகுது.

— சொட்டா, கோடா?

— கோடு. நேரா என் மடியிலதான்.

— நல்லதுதான், வேர்க்குதுன்னு சொன்னியே. இரு, நிறுத்துறேன். கண்ணாடி இன்னும் ஒரு நூல் மேல வரணும். கண்ணாடியை நிறுத்துற மேல் தடுப்பை இளக்கு. மாப்ள, போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கா?

— மறக்குமா?

— இதே மாதிரி கடிதம். பெட்டியோட பஸ் ஸ்டாண்டுல போய் நின்னுட்டா. நீதான் ஓடி வந்து என்கிட்ட சொன்னே. அன்னைக்குத்தான் எனக்கு உன் மேல மரியாதையே வந்துச்சு. அதுவரைக்கும் உன்னை ஒரு வாயில்லாப் பூச்சின்னு நினைச்சிட்டிருந்தேன்.

— நான் சொன்னது, நீங்க வந்து அவளோட நல்லபடியா பேசுவீங்கன்னு. பஸ்ல ஏறிப் பெட்டியைப் பிடுங்குவீங்கன்னு நினைக்கலை.

— ஒரு பேச்சுக்குப் பிடுங்கினேன். உடனே கூட இறங்கி வந்துட்டாளே.

— எல்லாரும் வேடிக்கை பார்த்தாங்க மச்சான். ஒரு அம்மா எந்திரிச்சு அவளுக்கு வழி விட்டுச்சு, ஏதோ திருடி மாட்டிக்கிட்டவளுக்கு விடுற மாதிரி.

— அதெல்லாம் மறந்திருப்பா.

— அன்னையிலேருந்து ரெண்டு வருஷமா அவ என்கிட்ட என்ன பேசுறான்னு நினைக்கிறீங்க? கேஸ் தீர்ந்துடுச்சு. மழை வருது, துணியை எடுங்க. அவ்வளவுதான். சண்டை கிடையாது. கரண்டியை ஓங்கிக்கூட வைக்க மாட்டா. நானும் சாப்பிட்டுட்டு இங்க வந்துடுறேன்.

— என்கிட்ட சிரிச்சுப் பேசுறாளே.

— உங்ககிட்ட எல்லாருமே சிரிச்சுத்தான் பேசணும். தடுப்பை ஏத்தியாச்சு. மறுபடி தண்ணி அடிங்க.

— அடிக்கிறேன். இப்ப?

— ஒழுகலை.

— பின் மூலையில கையை வெச்சுப் பாரு.

— காய்ஞ்சிருக்கு. சொட்டுக்கூட இல்லை.

— அப்பாடா. இப்ப அடைச்சிருக்கிற அடைப்புக்கு நீ உள்ள கத்தினாலும் எனக்குக் கேக்காது போலிருக்கு.

— முன்னாடியும் கேட்டதில்லையே.

— குத்திக்கிட்டே இரு. மாப்ள, ஒண்ணு சொல்றேன். இந்தப் பட்டறை எனக்கு மட்டும் கிடையாது. வீட்டுல அந்தக் கடைசி ரூமைப் பெரிசு பண்ணி உங்க ரெண்டு பேருக்கும் கொடுத்துடுறேன். ஜன்னல் வேணும்னாளே, வெச்சிடலாம். பொறுமையா கேக்குறேன் பாரு. போறியா, இருக்கியா?

— மணி சொல்லுங்க, சொல்றேன்.

— மணி கேட்டே உசிரை வாங்கு. பத்தே முக்காலாகப் போகுது. டாக்டர் வந்து ஹாரன் அடிக்கிறதுக்குள்ள சொல்லு.

— சரி. கேட்டுக்கோங்க. நான் எங்கயும் போகலை.

— என்னைப் பார்த்துச் சொல்லு. கண்ணாடியைப் பார்க்காதே.

— நான் போகலை மச்சான். இங்கதான் இருப்பேன். நாளைக்கும் இதே மாதிரி உள்ள உக்காந்து நீங்க சொல்ற போல்ட்டைத் திருகிட்டிருப்பேன்.

— சத்தியமா?

— சத்தியமா.

— இதைச் சொல்ல ஒரு மணி நேரமா? பாரு, திறந்துட்டேன். வா, இறங்கு. சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு, முதல்ல மாத்திக்கோ. என்னடா, இறங்கு. கோபமா?

— கோபம் இல்லை. கால் மரத்துப் போச்சு.

— சரி, மெதுவா வா. என் போன் இந்தா. வீட்டுக்குப் போட்டு அவகிட்ட உன் வாயாலயே சொல்லிடு, நான் வரலைன்னு.

— அவளுக்குத் தெரியும்.

— எப்பச் சொன்னே?

— நான் சொல்லலை. அவதான் சொன்னா. காலையில சட்டை பட்டனைப் போட்டு விட்டுக்கிட்டே சொன்னா, நீங்க வர வேண்டாம்னு.

— அப்ப அவளும் போகலைதானே? மாப்ள, அவளும் போகலைதானே?

— பத்தரை பஸ்ஸுக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் எடுத்திருந்தா மச்சான். ரெண்டு வருஷம் கழிச்சு என்கிட்ட ஒண்ணு கேட்டா, தான் ஏறி பஸ் கிளம்புற வரைக்கும் உங்களை இந்தக் கதவுகிட்டேயே நிக்க வைக்கணும்னு.