முழங்காலை ஒதுக்க வேண்டாத வண்டி

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்து. முன் இருக்கையில் ஒரு கணவன், மனைவி. நடவு முடிந்த வயல்களில் தண்ணீரோடு வானமும் தேங்கிக் கிடந்தது. எனக்குப் பாதித் தூக்கம்.

"நேத்து மத்தியானம் தூக்கத்துல என் கையைப் புடிச்சு ரெண்டாவது கியர் போட்டீங்க," என்றார் அந்த அம்மா.

"வாய்க்கால் பாலம் ஏறுற மாதிரி கனவு."

"நம்ம வண்டில ஒவ்வொரு பாலத்துக்கும் கியர் இடிக்காம நான்தான முழங்காலை ஒதுக்கணும். கல்யாணமான நாள்லேருந்து அதே வேலை."

"நாம பாத்த புது மாடல் பிக்கப்ல கியர் போடுற வேலையே இல்லயாம். ஆட்டோமேட்டிக்காம். ஷோரூம்ல சொல்லிட்டான்."

"அப்ப எடது கைக்கு?"

"வேலை இல்ல. அதான் யோசனையா இருக்கு. பேசாம பழசையே வச்சுக்கலாமா?"

பேருந்து ஒரு பாலத்தில் ஏறியது. ஓட்டுநர் கியரைக் குறைத்தார். அந்த அம்மாவின் முழங்கால் தானாக ஜன்னல் பக்கம் நகர்ந்தது. கணவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க ஏன் ஒதுங்குற?"

அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, நகர்ந்த காலை மெல்லப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

"புதுசையே புக் பண்ணிடுங்க," என்றார்.